கூரைக்கு அடியில் அறை போடலாம் என்கிறார்கள், நம்பலாமா?

மலர்விழி_தையல்

அனைவருக்கும் வணக்கம். கட்டட வேலை தெரிந்தவர்கள் சற்று நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் வீடு பேராக், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறது. தரைமட்ட வரிசை வீடு, அதிலும் நடு வீடு, இருபதடி அகலம். மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1986இல், மாதத் தவணைக்கு வாங்கியது. லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, பிறந்து வளர்ந்தவர் அவர். நிலப்பட்டாவில் தம் பெயரைப் பார்த்த நாளைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். அதனால் இந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரிடம் கேட்டுத்தான் அடிப்போம்.

மூன்று அறைகள். ஒன்று மாமனார் மாமியாருக்கு, ஒன்று எங்களுக்கு. மூன்றாவது எட்டடிக்குப் பத்தடி. அதில் என் தையல் இயந்திரம், ஓவர்லாக், வெட்டும் மேசை, துணிக்கட்டுகள் எல்லாம் இருக்கின்றன. போதாக்குறைக்கு மாமியாரின் சீதனப் பித்தளைப் பாத்திரங்கள், பழைய பள்ளிப் புத்தகங்கள், தைப்பூசத்துக்கு எடுக்கும் காவடிச் சட்டம். பிள்ளைகள் இருவரும் கூடத்தில் படுக்கிறார்கள். மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு. அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. தாத்தா செய்தி பார்க்க, தம்பி வாய்விட்டுப் பாடம் படிக்க, நான் உள்ளே இயந்திரத்தை ஓட்ட, அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கூடுதல் கணிதம் போடுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் என் தேவை.

வீடு புதுப்பிக்கும் வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். குளியலறை நடையின் சிலிங்கில் இருக்கும் மூடியைத் தூக்கி, தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தார். "மேலே இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே! பிளைவுட் அடித்து, ஏணி வைத்தால் ஒரே வாரத்தில் அறை தயார்" என்றார். பதினெட்டாயிரம் ரிங்கிட் கேட்கிறார். நடுவில் இடைஞ்சலாக நிற்கும் கட்டைகளை அறுத்துவிடலாமாம். நகராண்மைக் கழகத்துக்கெல்லாம் போக வேண்டாமாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதாம்.

வீட்டுக்காரர் பாதி சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்த மனிதர் கையில் ஓர் அளவு நாடாகூட இல்லை. எதையும் அளக்காமல் வெட்டலாம் என்று சொல்கிறவரை என்னால் நம்ப முடியாது.

என் கேள்வி இதுதான்: ஒரு கூரைக்கு அடியில் மனிதர் வசிக்கலாமா கூடாதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நானே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை எவை? யாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது?

குமரேசன்_ஈப்போ

அக்கா, கட்டட வேலை எனக்குத் தெரியாது. ஆனால் என் பெரியம்மா மகன் வீட்டில் அப்படி ஓர் அறை இருக்கிறது; நான் அதில் தங்கியிருக்கிறேன். பகல் பதினொரு மணிக்குமேல் அங்கே உட்கார முடியாது. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் சூடு இறங்குவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமெண்டு ஓடு, இரவு எட்டு, ஒன்பது மணிவரை அதைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. குளிர்சாதனம் போட்டிருக்கிறார்கள். அது ஓடிக்கொண்டே இருக்கிறது, அறை குளிர்வதில்லை, மின்கட்டணம் மட்டும் ஏறுகிறது.

பணம் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளில் இரண்டு மணிக்கு எடுத்துப் பாருங்கள். மகள் எந்த நேரத்தில் படிப்பாள் என்பதையும் யோசியுங்கள். பள்ளி விட்டு வந்து படிக்கும் நேரம்தான் மேலே மிக மோசமான நேரம்.

தோட்டத்துத் தச்சர்

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆளுக்கு முன்பணம் கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள். உங்கள் சந்தேகம் மிகச் சரியானது.

எனக்கு வயது 72. பதினாறு வயதில் தோட்டத் தச்சருக்குக் கையாளாகப் போனேன். லயத்துத் தகரம் மாற்றுவது, தூண் மாற்றுவது, ஆயாக்கொட்டகைக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு) தொட்டில் கம்பு மாட்டுவது என்று தொடங்கி, பிறகு ஈப்போ பக்கம் தாமான் வீடுகளுக்குக் கூரை ஏற்றும் வேலையில் வாழ்நாள் போய்விட்டது. நீங்கள் சொல்லும் காலத்து வீடுகளின் கூரை எனக்குப் பழக்கமானது. அந்த நாளில் இரண்டு விதமாகச் செய்தோம்.

ஒன்று, இடத்திலேயே மரத்தை அறுத்துப் பொருத்துவது. தடித்த கைமரம், சுவருக்குச் சுவர் போகும் உத்தரம், மரையாணி. கெம்பாஸ், கெருயிங் போன்ற கனத்த மரங்களாக இருக்கும். இதில் நடுவில் கட்டைகள் குறைவு. மற்றொன்று, பட்டறையில் செய்து லோரியில் கொண்டுவந்து இறக்கும் டிரஸ், அதாவது முக்கோணக் கூரைச் சட்டகம். மெல்லிய கட்டைகள், இரண்டுக்கு நான்கு அங்குலம் இருக்கும். மூட்டுக்கு மூட்டு இருபுறமும் பல் வைத்த தகடு அழுத்தியிருப்பார்கள். டார்ச் விளக்கு அடித்தால் அந்தத் தகடு பளிச்சென்று தெரியும். நடுவில் ஆங்கில டபிள்யூ வடிவில் கட்டைகள் நின்றால் அது டிரஸ்தான். "இடைஞ்சலான கட்டைகள்" என்று அவர் சொன்னதிலிருந்து உங்களுடையது இந்த வகை என்று நினைக்கிறேன்.

டிரஸ் என்றால் கீழே படுத்திருக்கும் நீளக் கட்டையைத் தரைக்கட்டை என்று எண்ணிவிடக்கூடாது. சிமெண்டு ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குமேல் கனக்கும். அந்தப் பாரம் இரண்டு கைமரங்களையும் இருபுறமும் விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. விலகாமல் இழுத்துப் பிடித்திருப்பது அந்தக் கீழ்க்கட்டை, வில்லுக்கு நாண் போல. நடுவில் நிற்பவை, கைமரம் இடையில் தொய்யாமல் பார்த்துக்கொள்கின்றன. இவற்றில் ஒன்றுகூட வேலையில்லாமல் நிற்கவில்லை. அறுத்தால் அன்றைக்கே கூரை விழுந்துவிடாது. அதனால்தான் அறுக்கத் துணிகிறார்கள். முதலில் முகடு தொய்யும். ஓடுகளுக்கு இடையில் சந்து விழும். மழைத்தண்ணீர் இறங்கும். முன்சுவரின் உச்சியில் வெடிப்பு ஓடும். அப்போது அவரைத் தேடினால் தொலைபேசி எண் மாறியிருக்கும்.

அறுக்காமல் மேலே பிளைவுட் மட்டும் அடித்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கலாம். அந்தக் கீழ்க்கட்டை தாங்குவதற்கென்று கணக்கிட்ட பாரம் சிலிங் தகடு மட்டும்தான். அது சதுர மீட்டருக்குப் பத்து கிலோ வந்தால் பெரிது. மனிதர் புழங்கும் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்க வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். கட்டில், அலமாரி, புத்தகம், பிள்ளையைப் பார்க்க வரும் தோழிகள் எல்லாம் அதில் அடக்கம். பத்துக்கும் நூற்றைம்பதுக்கும் உள்ள தூரத்தைப் பிளைவுட் நிரப்பாது. தளம் வேண்டுமென்றால் டிரஸ்ஸைத் தொடாமல், சுவரிலோ தூணிலோ தனியாக உத்தரம் வைத்துத்தான் போட வேண்டும். அப்போது அந்தச் சுவரும் அதன் அடிவாரமும் தாங்குமா என்ற கேள்வி வரும்.

நீங்களே பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் ஏறுவதற்கு முன் கவனியுங்கள். 1986 வீடு என்றால் சிலிங் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தகடாகத்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில், நாலடிக்கு நாலடி, இணைப்பின்மேல் பட்டி அடித்திருப்பார்கள். சும்மா இருக்கும்வரை அது சும்மா இருக்கும். உடைத்தாலோ துளையிட்டாலோ அறுத்தாலோ பறக்கும் தூசு நுரையீரலில் தங்கிவிடும். அதற்கு மருந்து கிடையாது. சோதித்துப் பார்க்கும்வரை அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற மூடி வழியாக மட்டும் ஏறுங்கள். காலைக் கட்டையின்மேல் மட்டும் வையுங்கள். தகட்டில் வைத்தால் நேரே கீழே வந்துவிடுவீர்கள். காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூக்கை நல்ல முகக்கவசத்தால் மூடுங்கள்.

உள்ளே போனதும் கீழ்க்கட்டையின் மேல்விளிம்பிலிருந்து முகட்டின் அடிவரை அளந்துகொள்ளுங்கள். கட்டைகளின் கனம், டிரஸ்ஸுக்கு டிரஸ் இடைவெளி இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அண்டைச் சுவர் ஓடுவரை போகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? அதைத் தாங்கும் கட்டையின் நுனிகள் சுவரில் எப்படிப் படிந்திருக்கின்றன? ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, மரம் சுவரைத் தொடும் இடங்களில் எல்லாம் குத்திப் பாருங்கள். நடுக்கட்டை நன்றாக இருக்கிறதென்று திருப்திப்படாதீர்கள். கறையான் நுனியிலிருந்துதான் வரும்.

எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு பேசுவோம்.

தேவிகா_வரைபடம்

மலர்விழி அக்கா, நான் கட்டட வரைவாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சட்டப்படி எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

"வெளியே தெரியாது" என்பது பதில் அல்ல. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, வீட்டின் கட்டமைப்பை மாற்றுவதற்கு உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். அறை எப்படி இருக்க வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் சொல்கின்றன. கழக அலுவலக முகப்பில் விசாரிக்கும்போது, துணைச் சட்டங்களுக்கான மலாய்ச் சொல்லான உண்டாங்-உண்டாங் கெச்சில் என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

உங்களுக்கு வேண்டிய அளவுகள் இவை. வசிக்கும் அறை, படுக்கையறை இரண்டுக்கும் உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது, அதாவது எட்டடி இரண்டரை அங்குலம். சின்னப் படுக்கையறை என்றாலும் பரப்பு 6.5 சதுர மீட்டர், அகலம் 2 மீட்டர் வேண்டும். சன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு; அதில் பாதியாவது திறந்து காற்று வர வேண்டும். நடு வீட்டில் பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டாருடையதும்கூட. அப்படியானால் சன்னலைக் கூரை ஓடுகளைத் திறந்துதான் வைக்க முடியும். தைப்பிங் பக்கத்து மழையை நினைத்துக்கொண்டு அதை முடிவு செய்யுங்கள்.

பலரும் மறந்துவிடும் விஷயம் மாடிப்படி. ஏணி போதாது. படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதிபலகை 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. உங்கள் சிலிங் பத்தடி உயரம் என்றால், தளத்தின் கனத்தையும் சேர்த்து 18 படிகள் வரும். நேராகப் போட்டால் 14 அடி நீளம் கூடத்தில் போய்விடும். மேலே ஓர் இடம் கிடைப்பதற்குக் கீழே ஓர் இடத்தை இழக்கிறீர்கள். படி போய்ச் சேரும் இடம் முகட்டுக்கு நேர்கீழே இல்லாவிட்டால் தலை இடிக்கும்.

நெருப்பையும் யோசியுங்கள். அறைக்கு ஒரே வழி, அதுவும் சமையலறைப் பக்கம் இறங்குகிறது என்றால், நான் என் பிள்ளையை அங்கே படுக்கவைக்க மாட்டேன். சட்டத்தைத் தாண்டி இது என் மனத்தில் உள்ளது.

பார்க்கச் சொல்வதற்கு ஏற்ற ஆள் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர். பிளானை உள்ளூராட்சிக்கு அனுப்பக் கட்டடக் கலைஞரோ பதிவு பெற்ற வரைவாளரோ வேண்டும். வேலையை எடுத்துச் செய்யப்போகிறவரிடமே "செய்யலாமா?" என்று கேட்டால் செய்யலாம் என்றுதான் பதில் வரும்.

மலர்விழி_தையல்

ஐயா, தேவிகா, குமரேசன் தம்பி, மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஏறினேன். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாமனார் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, காலைப் பார்த்து வை, காலைப் பார்த்து வை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐயா சொன்னது போல டிரஸ்தான். மூட்டுக்கு மூட்டுப் பல் தகடு. சிலவற்றின் ஓரத்தில் துரு. கட்டைகள் இரண்டுக்கு நான்கு. டிரஸ்ஸுக்கு டிரஸ் நாலடி. உச்சியிலிருந்து இரண்டு கட்டைகள் சாய்வாக இறங்கி, கீழ்க்கட்டையை மூன்றாகப் பிரிக்கும் இடங்களில் வந்து சேர்கின்றன. நடுவில் நின்றால் ஒரு முக்கோணத்துக்குள் நிற்கிறோம். கீழே பத்தடி அகலம், தலைக்குமேல் ஒன்றுமில்லை. அவர் அறுக்கச் சொன்னது இந்த இரண்டையும்தான், எல்லா டிரஸ்களிலும்.

கீழ்க்கட்டையிலிருந்து முகடுவரை ஏழடி இரண்டு அங்குலம். தளத்துக்கு ஏழு அங்குலம், ஓட்டுக்குக் கீழே வெப்பத்தடுப்புக்கும் பலகைக்கும் நான்கு அங்குலம் கழித்தேன். மிச்சம் ஆறடி மூன்று அங்குலம், அதுவும் நட்ட நடுவில் மட்டும். ஓரடி விலகினால் ஐந்தரை அங்குலம் குறைகிறது. ஐந்தடி உயரம் எங்கே நிற்கிறதென்று கணக்குப் போட்டால், நடுவிலிருந்து ஒரு பக்கம் இரண்டரை அடிக்குச் சற்றுமேல். ஆக, என் மகள் குனியாமல் நிற்க ஓர் ஒடுக்கமான நடைதான் கிடைக்கும். அவளுடைய உயரமே ஐந்தடி நான்கு. தேவிகா சொன்ன எட்டடி இரண்டரை அங்குலத்துக்கு இரண்டடி குறைகிறது. ஒரு துணியில் இரண்டு அங்குலம் போதவில்லை என்றால் எங்காவது ஒட்டுப்போட்டுச் சமாளிப்பேன். இரண்டடிக்கு ஒட்டுப்போட முடியாது.

வெப்பமானியையும் தொங்கவிட்டேன். காலையில் 29. பிற்பகல் இரண்டரை மணிக்கு 43. கீழே கூடத்தில் அப்போது 32.

அண்டைச் சுவர் ஒரு பக்கம் ஓடுவரை போகிறது. மறுபக்கம் உச்சியில் இரண்டு செங்கல் உயரத்துக்குக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்தச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டு வெளிச்சம் தெரிகிறது.

இனி நான் கேட்க வேண்டியது வேறு. தொட்டி குளியலறைக்குமேல் இருக்கிறது. பக்கவாட்டில் 120 கேலன் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு தடித்த கட்டைகளின்மேல் பலகை, அதன்மேல் தொட்டி. கட்டைகளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல செந்நிறம், கீறல்கூட இல்லை. ஆனால் அண்டைச் சுவரில் சுண்டுவிரல் தடிப்பில் ஒரு மண் கோடு மேலேறி, அந்தக் கட்டையின் நுனிக்குப் பின்னால் மறைகிறது. ஐயா சொன்னபடி நுனியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். குத்தவே தேவையில்லாமல் போயிற்று. பிடிவரை உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தபோது ஈர மண்ணும், தாள் போல மெல்லிய மரச் செதில்களும் கொட்டின. மேல்தோல் மட்டும் நிற்கிறது. அதற்கு நேர்கீழேதான் மாமியார் குளிக்க உட்காரும் இடம்.

தோட்டத்துத் தச்சர்

அம்மா, உடனே படியுங்கள். அறை பற்றிய பேச்சைத் தள்ளிவையுங்கள். மீட்டர் பக்கத்து வால்வை மூடுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து தொட்டியைக் காலி செய்யுங்கள். 120 கேலன் என்றால் நிறைந்த தொட்டியில் 545 கிலோ தண்ணீர். அது இப்போது செல்லரித்த நுனியில் நிற்கிறது. கட்டை மாற்றும்வரை வாளியில் பிடித்துக் குளிக்கட்டும்.

கட்டையை மாற்ற நல்ல தச்சர் ஒருவர் போதும். ஆனால் மரத்தைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மருந்தேற்றிய கெம்பாஸ் அல்லது அதற்குமேல். மலிவாகக் கிடைக்கிறதென்று மெராந்தியில் லேசான வகையை வைத்துவிடப் போகிறார்கள். ரப்பர் மரம் நாற்காலிக்கு நல்லது, இந்த வேலைக்குக் கூடவே கூடாது; பூச்சிக்கு அதைவிடப் பிடித்த மரம் இல்லை. கட்டையின் இரு நுனியும் முழுச் செங்கல்மேல் நன்றாகப் படிய வேண்டும். கட்டை எந்த டிரஸ்ஸின்மேலும் சாயக்கூடாது. மாற்றுவதற்கு முன் கறையானுக்கு மருந்து வைக்கிறவரைக் கூப்பிடுங்கள். கோடு கீழிருந்து, மண்ணிலிருந்து வருகிறது. மேலே மட்டும் தெளித்தால் அடுத்த கட்டைக்குப் போய்விடும். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். சுவர் இருவருக்கும் பொது, கறையானும் பொது. அந்த இரண்டு செங்கல் சந்தையும் அப்போதே இருவரும் சேர்ந்து அடைத்துவிடுங்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்கு அது போகும் வழி அதுதான்.

இப்போது அறைக்கு வருகிறேன். உங்கள் கணக்கு சரி. அந்தக் கூரைக்கு அடியில் மனிதர் வசிக்க முடியாது. கூரையை முழுதாகக் கழற்றி, தளம் போட்டு, சுவரை உயர்த்தினால் முடியும். ஆனால் அது மாடி கட்டுவது. அடிவாரம் தாங்குமா என்று பொறியாளர் தோண்டிப் பார்க்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த நிலங்கள் எத்தனையோ உண்டு. மண் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. உங்கள் தேவை பெண் படிக்க ஒரு கதவு. அதற்கு மாடி வேண்டாம்.

சிலிங் பத்தடி என்றால் அது உங்களிடம் இருக்கும் சொத்து. இந்தக் காலத்து வீடுகளில் அவ்வளவு உயரம் கொடுப்பதில்லை. மூன்றாவது அறைக்கு அகலம் எட்டடி. கதவுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி, ஏழடி உயரத்தில், மூன்றடி அகலத்தில் ஒரு பரண் போடுங்கள். சிலிங்கைத் தொடவே வேண்டாம். பாத்திரம், புத்தகம், காவடிச் சட்டம், எப்போதாவது எடுக்கும் துணிக்கட்டு எல்லாம் அங்கே ஏறிவிடும். அதற்குக் கீழே மேசையும் கட்டிலும். மீதி அறையில் முழு உயரமும் அப்படியே இருக்கும், சன்னலும் இருக்கும்.

பரணைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சு உதிரும். நான்கு மூலையிலும் தரைவரை கால் வைத்து நிறுத்துங்கள். மூன்றுக்கு மூன்று கட்டை. நீளவாக்கில் இரண்டுக்கு ஆறு, அதன்மேல் குறுக்குச் சட்டங்கள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்று, பிறகு பலகை. சுவரோடு இரண்டு இடத்தில் பிடித்துக்கொண்டால் ஆடாது. பாரமெல்லாம் தரைக்குப் போகும், சுவருக்கு வேலையில்லை. கனத்த பாத்திரங்களைக் கால்களுக்கு அருகில் வையுங்கள், நடுவில் அல்ல.

தையல் இயந்திரத்துக்கு எங்கே இடம் என்பதுதான் மிச்சம். அது உங்கள் வீட்டார் பேசி முடிக்க வேண்டியது.

தேவிகா_வரைபடம்

ஐயா சொன்ன பரண் தளபாடம் போன்றது, கட்டமைப்பைத் தொடவில்லை. இருந்தாலும் பின்னாளில் யாரும் அதைப் படுக்கையாக மாற்றிவிடாதீர்கள். பரணுக்கும் சிலிங்குக்கும் இடையில் மூன்றடிகூட இராது, சூடும் அங்கேதான் தேங்கும். சிலிங்குக்கு மேலே, டிரஸ் கட்டைகளுக்கு இடையில், ராக்வூல் எனும் பாறைக் கம்பளி விரிக்கச் சொல்லுங்கள். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் இல்லை என்றால் ஓடு மாற்றும் காலத்தில் அதையும் போடுங்கள். தாளுக்கும் சிலிங்குக்கும் நடுவில் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பும். 43 டிகிரி தலைக்குமேல் இருக்கும் வீட்டில் இந்தச் செலவு வீண்போகாது.

மலர்விழி_தையல்

தொட்டியை அன்றே காலி செய்துவிட்டோம். கறையானுக்கு மருந்து வைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். அவர் வீட்டுத் தொட்டிக் கட்டையிலும் அதே மண் கோடு இருந்தது. புதுக் கட்டை கெம்பாஸ். மாமனார் கடைக்கே போய், எடையைக் கையில் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பழைய கட்டையை இறக்கியபோது நுனி கையோடு பெயர்ந்து வந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தபின் பிளைவுட் பேச்சை எடுக்கவில்லை. அந்த வேலைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகளிடம் பரணைப் பற்றிச் சொன்னேன். கதவில் தாழ்ப்பாள் இருக்குமா என்றுதான் கேட்டாள். இருக்கும் என்றேன். என் இயந்திரம் கூடத்துக்கு வருகிறது. தாத்தாவின் செய்தி நேரத்தில் நான் காஜாவும் பொத்தானும் கையால் தைத்துக்கொள்வதாகப் பேசி முடித்திருக்கிறோம். பரண் வேலை பள்ளி விடுமுறையில் தொடங்குகிறது.

எங்கள் வரிசையில் இருபத்திரண்டு வீடுகளும் ஒரே காலத்தில், ஒரே பிளானில் கட்டியவை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தத் தெருவில் இருந்தால், குளியலறை நடையின் மூடியைத் திறந்து தொட்டிக் கட்டையின் சுவர்ப்பக்க நுனியைக் குத்திப் பாருங்கள். ஏணி வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.